முன்பல் எழுத்து

ஷஃபான் பிறை 3, சனி

பெட்டி வந்துவிட்டது. நான் கத்தரிக்கோலைத் தேடுவதற்குள் தங்கை மர்ளியா டேப்பைப் பல்லாலேயே கிழித்துவிட்டாள். அவளுக்கு அல்லாஹ் கொடுத்த பல் அப்படி.

உள்ளே நம்பர் போட்ட சின்னச் சின்னக் கவர்கள். ஒவ்வொன்றிலும் மேல் வரிசைக்கு ஒன்று, கீழ் வரிசைக்கு ஒன்றாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. அலைனர் என்று பெயர். ஒன்றாம் நம்பரைப் பத்து நாள் போட வேண்டும், பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொன்றும் பல்லைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகும். கம்பி இல்லை, போட்டிருப்பதும் வெளியே தெரியாது. சாப்பிடவும் பல் தேய்க்கவும் கழற்றலாம். மற்ற நேரமெல்லாம், தூங்கும்போதும்கூட, வாயில்தான் இருக்க வேண்டும்.

மர்ளியாவின் மகள் நுஸ்ரத் சென்னையில் இதைப் போட்டுத்தான் தன் கோணல் பல்லை நேராக்கினாள். இப்போது எந்தக் கல்யாண ஃபோட்டோவிலும் வாயை மூடுவதில்லை. ஆனால் அவள் டாக்டரிடம் போனாள். எக்ஸ்ரே, ஈறு சுத்தம், மாதாமாதம் செக்கப் என்று ஏக ஆர்ப்பாட்டம். அந்த அலைச்சல் எனக்கு எதற்கு? ஃபோனில் பார்த்த கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கே மாவு அனுப்பினார்கள். கடித்து அச்செடுத்துத் திருப்பி அனுப்பினேன். அவ்வளவுதான்.

அச்சு அனுப்பிய வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "மேடம், பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம் வருமா? ஏதாவது பல்லு ஆடுதா?" தேய்த்தால் யாருக்குத்தான் வராது? இல்லை என்றேன். ஆடவும் இல்லை என்றேன்.

எனக்கு இது அழகுக்காக இல்லை. நாற்பத்து மூன்று வயதில் யாருக்குக் காட்டப்போகிறேன்? மேல் முன்பற்கள் இரண்டும் நாற்பது வயதுவரை ஒட்டித்தான் நின்றன. இரண்டு மூன்று வருஷமாக விலகிக்கொண்டே போகின்றன. இப்போது நடுவில் ஒரு சோறு புகுந்து வெளியே வரும். அந்தச் சந்து வழியாகக் காற்றும் போகிறது. போன ரமலானில் நாங்கள் பெண்கள் மட்டும் கூடித் தொழும் தைக்காவில், வரிசை நடுவில் நின்று நான்தான் தொழவைத்துக்கொண்டிருந்தேன். ஓதும்போது வாயிலிருந்து விசில் வந்தது. பின்னால் ஒரு குழந்தை சிரித்தது. உம்மாக்காரி அதன் வாயைப் பொத்தியதும் எனக்குக் கேட்டது.

இருபத்து நான்கு வயதிலிருந்து அந்த இடத்தில் நிற்கிறேன். குர்ஆனை மனனம் செய்தவள். ரமலான் முழுக்க ஓதி, இருபத்தேழாம் இரவில் முடித்து, எல்லாருக்குமாக இறைவனிடம் கையேந்தி துஆ செய்வதும் நான்தான். இந்த வருஷம் அந்தச் சந்தை அடைத்துவிட்டுத்தான் நிற்பேன்.

ஷஃபான் பிறை 4, ஞாயிறு

யாரோ முகத்தைக் கிடுக்கியில் மாட்டிவிட்டதுபோல் இருக்கிறது. கஞ்சிதான் குடித்தேன்.

ஷஃபான் பிறை 13, செவ்வாய்

இரண்டாம் நம்பர். வலி பழகிவிட்டது. ஆனால் உறையோடு பேசினால் நாக்கு தடுக்குகிறது. மளிகைக் கடையில் சீரகம் கேட்டேன், ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்ல வேண்டியதாயிற்று. ஓதிக்கொடுக்கும் நேரத்தில் கழற்றிவைத்துவிடுகிறேன். காலையில் ஒரு வகுப்பு, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்று. அதனால் கணக்குப்படி வாயில் இருக்க வேண்டிய நேரம் இருப்பதில்லை.

இன்று பெண்களுக்கு நாக்கு நுனி முன்பல்லின் விளிம்பில் படவேண்டிய எழுத்துகளை எடுத்தேன். தினமும் தொழுகையில் ஓதும் அல்ஹம்து சூராவிலேயே 'அல்லதீன' என்ற சொல்லில் அப்படி ஓர் எழுத்து இருக்கிறது. நாக்கு பல்லைத் தொடாவிட்டால் அது வேறு எழுத்தாகிவிடும். அல்ஹம்துவில் எழுத்து மாறினால், தொழவைப்பவள் பின்னால் நிற்கும் அத்தனை பேருடைய தொழுகையும் கூடாமல், செல்லாமல் போகும். மூஸா வீட்டு மாமி, "அடி ஆத்தி, இத்தன காலம் நான் என்னத்தத் தொழுதேனோ" என்று நெஞ்சில் கை வைத்தார். ஸுமைய்யாதான் ஒரே தடவையில் சரியாகச் சொன்னாள். முதல் எழுத்தான அலிஃபையே என்னிடம் படித்தவள். சென்னையில் ஆலிமா என்ற மார்க்கப் படிப்பை முடித்துவிட்டு வந்து, எனக்கு உதவியாக ஓதிக்கொடுக்கிறாள்.

எந்நேரமும் தாகம். மாசி வெயில் இப்போதே இப்படி.

ஷஃபான் பிறை 29, வியாழன்

பிறை தெரிந்துவிட்டது. நாளை நோன்பு. மர்ளியா மொட்டை மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கினாள். அந்தச் சத்தத்தில் எதிர் வீட்டுப் பூனை சுவரிலிருந்து விழுந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். சந்து பாதியாகிவிட்டது. பொய் இல்லை, பாதி. "குல்" என்று ஆரம்பித்து, வரிக்கு வரி 'ஸ்' என்று முடியும் சூராவை மெதுவாக ஓதிப் பார்த்தேன். விசில் குறைந்திருக்கிறது. மர்ளியாவைக் கூப்பிட்டு ஓதிக் காட்டினேன். "எனக்கு முன்னாடியும் கேக்கல ராத்தா, இப்பவும் கேக்கல" என்றாள். அவள் காது அப்படி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

ரமலான் பிறை 1, வெள்ளி

எனக்கு ஒரு யோசனை. நோன்பு நாளில் பகல் முழுக்கத் தின்பதில்லை, குடிப்பதில்லை, வகுப்பும் லீவு. உறையைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. மற்றவர்கள் பத்து நாளில் செய்வதை நான் ஐந்து நாளில் செய்யலாம். இப்படியே போனால் இருபத்தேழுக்கு முன்பே முழுசாக அடைந்துவிடும். கம்பெனிக்காரர்களுக்கு நோன்பைப் பற்றி என்ன தெரியும்? நோன்பு வைக்கிறவர்களுக்கு என்றே செய்ததுபோல் இருக்கிறது இந்தச் சாமான்.

ரமலான் பிறை 6, புதன்

அடுத்த நம்பருக்கு மாறினேன். உட்கார மறுத்தது. ஸ்பூன் பிடியை வைத்து அழுத்தினேன். உட்கார்ந்தது.

ரமலான் பிறை 8, வெள்ளி

துப்பியதில் கொஞ்சம் சிவப்பு. நேற்று நோன்பு திறந்தபோது பீட்ரூட் தின்றோம்.

ரமலான் பிறை 10, ஞாயிறு

சந்து நூல் அளவுதான். இன்றிலிருந்து இரவுத் தொழுகையிலும் உறையைக் கழற்றப்போவதில்லை. கடமையான இஷா, அதன்பின் ரமலானுக்கென்றே உள்ள நீண்ட தராவீஹ் என்று தினமும் அந்த நேரம் வீணாகிறது. நாக்குக்கும் பழகிவிட்டது. உறை பல்லோடு ஒட்டித்தானே இருக்கிறது, நாக்கு பல்லைத் தொட்டால் என்ன, பல்லின் மேலுள்ள உறையைத் தொட்டால் என்ன? வீட்டில் பத்துத் தடவை ஓதிப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை.

தொழவைத்தேன். விசில் துளிகூட இல்லை. மூஸா வீட்டு மாமி கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஓதுனது தேனு மாதிரி" என்றார். தொழுகை முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஸுமைய்யா மட்டும் மூலையில் தனியாக நின்று தொழுதாள். அமல், வணக்கம் என்று அதிகம் செய்கிற பிள்ளை.

ரமலான் பிறை 13, புதன்

ஸுமைய்யா இன்றும் கடைசியில் தனியாகத் தொழுதாள். நாலு ரக்அத், நாலு சுற்று. இஷாவுக்குப் பின் உபரியாகத் தொழும் ஸுன்னத் இரண்டுதானே? எந்தத் தொழுகை என்று கேட்க நினைத்தேன். நேரமாகிவிட்டது.

ரமலான் பிறை 15, வெள்ளி

ஜும்ஆ தொழுகை நேரத்துக்குப் பிறகு பெண்கள் சந்தேகம் கேட்க வந்தார்கள். ஒருத்தி, "ராத்தா, ஈறுல வர்ற ரத்தத்த எச்சிலோட முழுங்கிட்டா நோன்பு முறியுமா?" என்று கேட்டாள். தெரிந்தே முழுங்கினால் முறியும், துப்பிவிட வேண்டும், வாயைக் கழுவ வேண்டும் என்றேன். "எந்நேரமும் வந்தா?" என்றாள். அப்படி எந்நேரமும் யாருக்கும் வராது, கதை அளக்காதே என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ரமலான் பிறை 17, ஞாயிறு

நோன்பு திறக்கப் பொரித்த மொறுமொறு வாடா வடையை எனக்கு வேண்டாம் என்று மர்ளியாவிடம் கொடுத்துவிட்டேன். எண்ணெய்ப் பண்டம் நல்லதில்லை. ரஸ்க்கைச் சாயாவில் நன்றாக ஊறவைத்துத் தின்றேன். கறியையும் இனிக் குழைய வேகவைக்கச் சொன்னேன். "வாடா வேண்டாம்னு நீ சொல்லி என் வயசுக்கு நான் கேட்டதில்ல" என்று மர்ளியா முறைத்தாள்.

ரமலான் பிறை 20, புதன்

உறையைக் கழற்றும்போது முன்பல் இரண்டும் கூடவே கொஞ்சம் இறங்கின. விரலால் அழுத்தினேன், மேலே போயின. புதுப் பல்வரிசை நிலைப்படும்வரை இப்படித்தான் இருக்கும். நுஸ்ரத்துக்கு ஃபோன் போட்டு, "உனக்கும் ஆடுச்சுல்ல?" என்று கேட்டேன். "லேசா ஆடும் பெரியம்மா, டாக்டர் அது சகஜம்னாங்க. ஆனா கையால எல்லாம் ஆட்ட முடியாது. உங்களுக்கு எவ்வளவு ஆடுது?" என்றாள். லேசாகத்தான் என்றேன்.

நாக்கு அந்தப் பல்லைத் தொட்டாலே உச்சந்தலைவரை சுண்டி இழுக்கிறது. தொடாமல் ஓத ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நாக்கைக் கொஞ்சம் உள்ளே வைத்தால் போதும். ஏறத்தாழ அதே சத்தம்தான்.

ரமலான் பிறை 22, வெள்ளி

ஏறத்தாழ. இந்தச் சொல்லை என் வகுப்பில் எவளாவது சொல்லியிருந்தால் எழுப்பி நிற்க வைத்திருப்பேன்.

ரமலான் பிறை 25, திங்கள்

நேற்று மர்ளியா பார்த்துவிட்டாள். வாயைக் கொப்பளித்தேன், வாஷ்பேசினே சிவப்பு. காலையில் புர்காவை எடுத்துக் கையில் கொடுத்து, "கெளம்பு" என்றாள். எனக்குத் தங்கச்சி, ஆனால் அந்தக் குரல் உம்மாவுடையது. தூத்துக்குடி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்து, வழி முழுக்க என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பல் டாக்டர் பெயர் ஜெபசெல்வி. என் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்தார், விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்த்தார். மிஷினைப் பார்த்துவிட்டு இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார்.

"அம்மா, சுகர் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"எனக்கு சுகரே கிடையாது."

"தாகம் இருக்கா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறீங்களா?"

"நோன்புல தாகம் இருக்கத்தானே செய்யும்."

"நோன்புக்கு முன்னாடி?"

"தண்ணிப் பான ஒரே நாள்ல காலியாகும் டாக்டர்" என்று மர்ளியா சொன்னாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "பல்லோட வேர் இது. இதச் சுத்தி எலும்பு இந்த உயரம் வரைக்கும் இருக்கணும். உங்களுக்கு எங்க இருக்கு பாருங்க." வேரின் நுனியில் கொஞ்சம் வெள்ளை இருந்தது. மீதி எல்லாம் கறுப்பு. "நாப்பது வயசுக்கு மேல புதுசா சந்து விழுந்தா அது கோணல் பல்லு இல்லம்மா. எலும்பு கரைஞ்சு, புடிமானம் இல்லாம பல்லு விலகுறது. கூட சுகரும் இருந்தா சீக்கிரம் கரையும்."

நான் உறைப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"இது கெட்ட சாமான் இல்ல. நானும் எத்தனையோ பேருக்குப் போட்டுவிட்டிருக்கேன். சின்னச் சந்து, லேசான கோணல், நெருக்கம், இதுக்கெல்லாம் அருமையா வேலை செய்யும். ஆனா இதுக்குப் பல்லத் தள்ளத்தான் தெரியும். தள்ளுன எடத்துல எலும்பு வந்து புடிச்சுக்கணும். அதுக்குத்தான் மொதல்ல எக்ஸ்ரே, ஈறு சிகிச்ச எல்லாம். புடிக்க எலும்பே இல்லாதப்ப இப்படித் தள்ளுனா? அதுலயும் பத்து நாள் போட வேண்டியத அஞ்சு நாள்ல மாத்தியிருக்கீங்க."

"நோன்புல கூடுதல் நேரம் போட்டிருந்தேன்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு முட்டாள்தனமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

"எலும்புக்கு அதுக்குன்னு நாள் வேணும்மா. அவசரப்படுத்த முடியாது." பிறகு கேட்டார், "ரத்தம் எவ்வளவு நாளா வருது?"

"துப்பிருவேன்."

"உறைய மாட்டிக்கிட்டு எப்படித் துப்புவீங்க?"

பிறை எட்டிலிருந்து எத்தனை நோன்பு முறிந்தது என்று எனக்குத் தெரியாது.

மேல் முன்பல் இரண்டையும் எடுக்க வேண்டும். பக்கத்துப் பல்லும் தாங்காது. முதலில் சுகர் இறங்க வேண்டும், இல்லையென்றால் புண் ஆறாது. அதுவரை பல்லுக்குப் பின்னால் கம்பி வைத்து ஒட்டிக் கட்டிவிட்டார். கட்டுப் பல் வைக்கலாமா என்று மர்ளியா கேட்டாள். "வைக்கலாம். ஆனா மாட்டுறதுக்குப் பக்கத்துல உறுதியான பல்லு வேணுமே. அதுகளும் ஆடுது. பொறுத்துப் பாப்போம்" என்றார். பொறுத்துப் பார்ப்போம் என்று டாக்டர்கள் எந்த முகத்தோடு சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். வாப்பாவின் கடைசி மாதத்தில் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், மீதி நோன்பை விடச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் மர்ளியா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். ரமலான் பகலில், ரோட்டில் நின்று குடித்தேன்.

ரமலான் பிறை 26, செவ்வாய்

ஸுமைய்யாவை வரச்சொன்னேன். இன்று சூரியன் அடைந்ததும் இருபத்தேழாம் இரவு. வந்தவள் என் கட்டில் ஓரத்தில் உட்காராமல் நின்றாள்.

"தினமும் கடைசில தனியா நின்னு நாலு ரக்அத் தொழுதியே. அது இஷாதானே?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்பலேர்ந்து?"

"விடுங்க ராத்தா."

"கேக்குறேன்ல. சொல்லு."

"பத்தாம் பிறைலேர்ந்து." அழ ஆரம்பித்துவிட்டாள். "என் காதுதான் தப்போன்னு நெனச்சேன் ராத்தா. உங்க அல்ஹம்துல போய் நான் எப்படித் தப்பு கண்டுபிடிக்க? அதான் யாருக்கும் தெரியாம திருப்பித் தொழுதுக்கிட்டேன். உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

தேன் மாதிரி என்று மாமி சொன்னாரே, அந்த இரவிலிருந்து.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேனே என்று கத்த நினைத்தேன். ஆனால் நிறுத்தியிருக்க மாட்டேன். ஈறைக் கேட்ட அந்தப் பெண்ணிடம் எரிந்து விழுந்தேனே, அப்படித்தான் இவளிடமும் விழுந்திருப்பேன். இவளுக்கும் அது தெரியும். அதனால்தான் மூலையில் நின்று தொழுதிருக்கிறாள்.

கம்பி கட்டிய வாயோடு அவள் முன்னால் அல்ஹம்து ஓதினேன். 'அல்லதீன' வந்தபோது நாக்கு கம்பியின் பசையில் முட்டி நின்றது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. நான்காம் தடவை அவள் என் முட்டியில் கை வைத்து, "போதும் ராத்தா" என்றாள்.

ரமலான் பிறை 27, புதன்

நேற்று தைக்காவில் உட்கார இடமில்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்தவர்கள்கூட வந்திருந்தார்கள். இஷா தொழுகையைத் தொடங்க இகாமத் சொல்வதற்கு முன் நான் எழுந்து நின்றேன். துஆவைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறேன் என்று எல்லாரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

சொன்னேன். பத்தாம் பிறையிலிருந்து எனக்குப் பின்னால் தொழுத இஷா கூடவில்லை, எல்லாரும் களா செய்ய வேண்டும், அத்தனையையும் திருப்பித் தொழ வேண்டும் என்றேன். காரணத்தையும் சொன்னேன். வாயைத் திறந்து காட்டவில்லை. அந்த அளவுக்கு எனக்கு மனசு வரவில்லை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு முணுமுணுப்பு. மூஸா வீட்டு மாமி, "ஏம்மா, இத மொதல்லயே சொல்லப்படாதா? நான் முட்டி வலியோட நாற்காலில ஒக்காந்து தொழுதேனே, எல்லாத்தையும் திருப்பியா?" என்றார். ஆமாம் மாமி என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பல்லு அழகுக்குன்னு இந்த வயசுல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அழகுக்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வேறு குரல்கள் எழுந்துவிட்டன.

"சின்னப் பிழதானே, நீங்களே நில்லுங்க, அல்லாஹ் மன்னிப்பான்" என்று இரண்டு மூன்று பேர் இரக்கத்தில் சொன்னார்கள். சின்னப் பிழை என்று ஒன்று இல்லை என்று பத்தொன்பது வருஷமாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

ஸுமைய்யா தொழவைக்க நடுவில் நின்றாள். குரல் முதலில் மெலிந்து எழுந்தது, பிறகு தெளிந்தது. ஒவ்வோர் எழுத்தும் அதனதன் இடத்தில் இருந்தது. நான் தப்பு வருமா என்று காத்துக்கொண்டிருந்தேன். வர வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். துஆ நேரத்தில் எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். அவர்கள் அழுதது எதற்கு என்று அல்லாஹ்வுக்குத் தெரியும். நான் அழுதது எதற்கு என்றும் தெரியும்.

ஷவ்வால் பிறை 1, ஞாயிறு

பெருநாள். மர்ளியா கடற்பாசி இனிப்பு செய்து, அதையும் எனக்குக் கொடுக்காமல் வைத்திருந்தாள். சுகர். யாரும் பெரிதாக வீட்டுக்கு வரவில்லை.

ஷவ்வால் பிறை 16, திங்கள்

மூன்று பல்லை எடுத்தாயிற்று. வலிக்கவில்லை. ஊசி போடாமலே கையோடு வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். கீழ் வரிசையையும் விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

ஷவ்வால் பிறை 21, சனி

வகுப்பு மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஸுமைய்யா ஓதிக்கொடுக்கிறாள். என்னையும் வந்து உட்காரச் சொல்லிக் கூப்பிட்டாள். போனேன். ஒரு சின்னப் பிள்ளை 'அல்லதீன'வைத் தப்பாகச் சொன்னது. எப்படி என்று காட்ட வாயைத் திறந்தேன். காட்ட அங்கே ஒன்றும் இல்லை. பிள்ளை ஈறையே பார்த்துக்கொண்டிருந்தது. ஸுமைய்யா பின்னாலிருந்து சரியாகச் சொல்லிக்காட்டினாள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஷவ்வால் பிறை 23, திங்கள்

மர்ளியா மதிய லுஹர் தொழுகைக்குப் பாயை விரித்துவிட்டு, எப்போதும்போல் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். சின்ன வயதிலிருந்து அவள் வீட்டில் தொழுவதெல்லாம் என் பின்னால்தான்.

"தனியாத் தொழு" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல ராத்தா."

"எனக்குத் தெரியுதுல்ல. அந்த ரூமுக்குப் போ."

பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நான் மார்க்கச் சட்டக் கிதாபை எடுத்து, தொழவைப்பவரைப் பற்றிய பாடத்தை மறுபடி படித்தேன். மனப்பாடம்தான், ஆனாலும் எங்கேயாவது எனக்கு ஒரு இடம் விட்டிருப்பார்களா என்று பார்த்தேன். ஓர் எழுத்தை உச்சரிக்க முடியாதபடி நாக்கிலோ பல்லிலோ குறை உள்ளவள், திருத்திக்கொள்ள வழியில்லை என்றால், முடிந்தவரை ஓதித் தொழலாம். அவளுடைய தொழுகை கூடும். அவளுக்கு மட்டும்.

தனியாகத் தொழ நின்று தக்பீர் கட்டினேன்.